பழைய மண்டபமும் புதிய அலுவலகமும்

நந்தனம் முதல் வேப்பேரி வரை, நம் திருச்சபை நிறுவனங்கள் சிலவற்றின் அலுவலகங்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த பழைய கட்டடங்களில் இயங்கிவருகின்றன. இடம் போதாதபோது, 'இடித்துவிடலாமா, மாற்றியமைக்கலாமா?' என்னும் வினா ஆட்சிக்குழுவின் முன் வருகிறது. விடை கூறுமுன் சேப்பாக்கத்தைச் சென்று காண்பது நலம்.

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்திற்கென ராபர்ட் சிசோம் வரைந்த செனட் இல்லம் 1874க்கும் 1879க்கும் இடையே கட்டப்பட்டது. பட்டமளிப்புக்கென எழுந்த அம்மண்டபத்தில் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது. ஆகவே பழைய கட்டடம் புதிய பணியை ஏற்பது புதுமையன்று. அருகிலுள்ள நவாபின் அரண்மனையை வருவாய் வாரியத்திற்கு ஏற்ப மாற்றியமைத்தவரும் இதே சிசோம்தான்! பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிச் செனட் இல்லம் சீரமைக்கப்பட்டது.

இத்தகைய பணியில் பெரும்பாலும் பிழை நேர்வது சிமெண்டினாலேயாகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி, மீண்டும் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லினுள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் அதனோடு சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்ப்பவருக்குச் சில ஆண்டுகள் எல்லாம் புதிதாகவே தோன்றும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லவே இறுகுவது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அதனைப் பதப்படுத்தும் கொத்தனார் இன்று அரியர். ஒப்பந்தக்காரரின் அவசரத்திற்கு அது ஒத்துவராது. எனினும் ஆட்சிக்குழு காலக்கெடுவைத்தான் தளர்த்த வேண்டும், சாந்தை மாற்றலாகாது.

அலுவலகத் தேவைகளும் அவ்வாறே. குளிர்சாதனத்திற்காகத் தாழ்வான பொய்க்கூரை அமைத்தால், வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறுவதற்கென வைத்த உயர்ந்த சாளரங்கள் அடைபட்டுப்போகும். மேலே உத்தரத்தில் கறையான் பற்றினும் எவர் கண்ணிலும் படாது. தடுப்புகளைச் சுவரைத் துளைக்காது தனியே நிற்குமாறு வைக்கலாம். மின்கம்பிகளைச் சுவரை வெட்டிப் புதைக்காமல், வெளியே தெரியும் குழாய்களில் செலுத்தலாம். அழகு சற்றுக் குறையும். பழுது உடனே தெரியும்.

கோப்புகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அவ்வரண்மனையின் ஒரு பகுதியான கலச மகாலில் அரசு அலுவலகங்கள் இயங்கியபோது, 2012 ஜனவரியில் தீப்பற்றியது. மர உத்தரங்களும் காகிதக் குவியல்களும் எரிந்தன. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிடலாம் என்று எண்ணத்தக்க நிலையிலிருந்த அதனைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு அங்கேயே இடம் கிடைத்தது.