உங்களுக்குத் தெரியுமா? – மேசா
ஸ்பானிய மொழியில் மேசைக்கு ‘மேசா’ என்று பெயர். பழகிய ஒலிதான், நம் ‘மேசை’ போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ‘மேசா’விலிருந்து வந்தது. இரு மொழிச் சொல்லுக்கும் மூலம் லத்தீனின் ‘மென்சா’.

ஸ்பானியத்தில் இது பெண்பால்: ‘லா மேசா’. ‘போனெர் லா மேசா’ என்றால் சாப்பாட்டுக்குத் தட்டு, கரண்டி எடுத்துவைப்பது. உச்சி தட்டையான குன்றும் மேசாதான். ஸ்பெயினில் வாக்குச்சாவடிக் குழுவுக்கும் ‘மேசா எலக்தொரால்’ என்றே பெயர். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். மூவருமே குலுக்கலில் தேர்வாகும் சாதாரண வாக்காளர்கள். தக்க காரணமின்றி மறுத்துவிட முடியாது!

சாப்பிட்ட பின்னும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்பது ‘சோப்ரெமேசா’. ஸ்பானியருக்கு மிகப் பிடித்த நேரம் அது. போர்த்துக்கீசியத்தில் இதே எழுத்துகளில் எழுதும் சொல்லுக்கு, உணவின் முடிவில் உண்ணும் இனிப்பு என்று பொருள். லிஸ்பன் உணவகத்தில் அதைக் கேட்டால் அரட்டை வராது, இனிப்புத்தான் வரும்.