கடலாமையின் இதயத்தில் ஒரு புழு

ஹைதராபாத்திலிருந்து கடலைக் காண வேண்டுமெனில் சில நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆயினும், கடலாமைகளின் நலம் பற்றிய இக்கட்டுரையை நாம் இந்நகரிலிருந்தே தொடங்குகிறோம்.

பேகம்பேட்டையில் ஒரு பழைய கட்டடம் உள்ளது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் அங்குதான் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஓர் ஒட்டுண்ணி தன் வாழ்நாளின் ஒரு பகுதியை ஓர் உயிரிலும், மறுபகுதியை வேறோர் உயிரிலும் கழிக்கக்கூடும் என்பதை அக்கண்டுபிடிப்பு உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1958-இல், ஹைதராபாத் மாநிலத்து ஊர்வனவற்றில் வாழும் தட்டைப்புழுக்கள் குறித்த விரிவான ஆய்வை சிம்ஹா என்னும் அறிஞர் வெளியிட்டார். 1970-இல் அவரும் சட்டோபாத்யாயாவும் இணைந்து, பச்சைக் கடலாமையின் இதய அறையிலிருந்து கிடைத்த ஒரு புழுவை விவரித்து, அதற்கு 'ஸ்குவாரோஅசெடாபுலம்' என்னும் புதிய பேரினப் பெயரைச் சூட்டினர்.

இப்புழு குருதித் தட்டைப்புழுக்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. இவை ஆமையின் இதயத்திலும் பெருங்குழாய்களிலும் வாழ்கின்றன. இவற்றின் முட்டைகள் குருதியோடு உடலெங்கும் சென்று நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய இடத்தில் அழற்சியும் சிறு கட்டிகளும் தோன்றுகின்றன; குழாய்ச் சுவர் தடிக்கிறது; சில வேளைகளில் குருதி உறைந்து அடைப்பும் ஏற்படுகிறது. ஒருவகைப் புழு மூளையைச் சூழ்ந்த குழாய்களிலும் வாழ்கிறது.

இவற்றுக்கும் இரண்டு வீடுகள் உண்டு. வெளியேறும் முட்டையிலிருந்து வரும் இளவுயிரி முதலில் நத்தை போன்ற ஓர் உயிரினுள் புகுந்து பெருகி, பின்னரே ஆமையை நாடுகிறது. பச்சைக் கடலாமையைத் தாக்கும் ஒரு வகைக்கு, பாறையில் ஒட்டி வாழும் ஒரு நத்தையினம் முதல் வீடாக அமைவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-இல் எடுத்துரைத்தனர்.

இனி, இனப்பெருக்கத்துக்கு வருவோம். வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்ப்பது போல, பெண் ஆமை ஆண்டுக்கணக்கில் உண்டு கொழுப்பைச் சேமிக்கிறது. முட்டையிடும் பருவத்தில் அது பெரும்பாலும் உண்பதில்லை; அச்சேமிப்பைக் கொண்டே நெடுந்தொலைவு நீந்தி, ஏறத்தாழ நூறு முட்டைகள் கொண்ட கூடுகளைப் பலமுறை இடுகிறது. ஒட்டுண்ணிகளால் குருதிச்சோகையுற்று இளைத்த ஆமைக்கு இச்சேமிப்பு எளிதில் நிறைவதில்லை. சேமிப்பு நிறையாத ஆமை அவ்வாண்டு கரையேறாமலே இருந்துவிடக்கூடும்.

வெளிப்புறத்தே ஒட்டும் அட்டைகளும் குருதியை உறிஞ்சுகின்றன. ஆமைகளுக்குக் கட்டிநோய் உண்டாக்கும் நச்சுயிரியை அவை பரப்பக்கூடும் என்ற ஐயமும் உண்டு. ஓட்டில் படியும் கொட்டலசுகளோ பெரும்பாலும் குருதியை உண்பவை அல்ல. எனினும் அவை அளவுக்கு மீறி மூடியிருப்பின், அந்த ஆமை நெடுநாளாக நலிந்து, நீந்த இயலாமல் மிதந்திருக்கிறது என்று மருத்துவர்கள் உணர்ந்துகொள்கின்றனர். அத்தகைய ஆமையை நன்னீரில் வைத்தால் இவை உதிர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒட்டுண்ணி காணப்பட்டதாலேயே அதுவே சாவுக்குக் காரணம் என முடிவு கட்டலாகாது. நலமுள்ள ஆமைகள் பலவும் சில புழுக்களைச் சுமந்தே வாழ்கின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, உடற்கூறாய்வுகள் சுட்டியது மூச்சுத்திணறலையே. இழுவலைகளில் சிக்கிய ஆமை மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் மடிகிறது. நோயையும் வலையையும் பிரித்தறிந்தால்தான் உரிய தீர்வு கிட்டும். வலையில் மடியும் ஆமைக்குப் புழுமருந்தால் பயனில்லை.

கடலாமைகள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. கரையில் சோர்ந்து கிடக்கும் ஆமையைக் காண நேரின், அன்பர்கள் அதனைக் கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம். நிழல் தந்து, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நோயுற்ற ஆமைக்கு அப்பொழுது வேண்டுவது மருத்துவமே. அது நலம்பெற்றுத் திரும்பினால், பின்னொரு நாள் நம் கரையேறி முட்டையிட வரும்.