பின்னால் உட்கார்ந்தவன் யார்?

சென்ற ஜனவரியில் ஒரு விடியற்காலை, தில்லி மூடுபனியில், அறை நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சென்றேன். வழியோரம் ஒரு கார் நின்றிருந்தது. ஸ்கூட்டர் அதன்மேல் மோதிய பிறகே அது எங்கள் கண்ணில் பட்டது. அவனுக்குச் சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. “கவலைப்படாதேடா, இன்ஷூரன்ஸ் இருக்கிறது” என்றான். பாலிஸியைப் பிரித்துப் படிக்கும் வரையில் எனக்கும் ஆறுதலாகவே இருந்தது.

பௌதிகம் படிப்பவன் சட்டம் பேச வந்துவிட்டானே என்று நண்பர்கள் சிரிக்க வேண்டாம். கையில் மாவுக்கட்டுடன் மூன்று வாரம் சும்மா இருந்தவனுக்கு வேறு வேலை ஏது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பாலிஸி எடுத்தவர் முதல் நபர். கம்பெனி இரண்டாம் நபர். நம் வண்டியால் துன்புறும் வழிப்போக்கர் மூன்றாமவர். அவர் உயிரிழந்தாலோ காயமுற்றாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும்; அதற்கு உச்சவரம்பு இல்லை. பொருட்சேதத்துக்கோ வரம்பு உண்டு. சட்டம் முதலில் வைத்தது 6,000 ரூபாய். பாலிஸிகளில் சாதாரணமாக இருசக்கர வண்டிக்கு 1 லட்சம், காருக்கு 7½ லட்சம் என்றிருக்கும். பிரீமியத்தில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அதை 6,000க்கே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு! வரம்புக்கு மேற்பட்டது வண்டிக்காரர் தலையில்தான் விடியும். எங்களிடம் கார்க்காரர் கேட்டது 9,000, வரம்புக்குள் அடங்கியதுதான். ஆயினும் தீர்ப்பாயத்துக்கு அலைய அஞ்சி நண்பன் கையிலிருந்தே கொடுத்துவிட்டான்.

இனி என் மணிக்கட்டு. நானும் மூன்றாம் நபர்தானே என்று நினைத்தேன். அப்படியன்று. சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மட்டும் எடுத்த பாலிஸியில், கூலி கொடாமல் பின்னால் உட்கார்ந்து வருபவருக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் ‘பாக்கேஜ்’ பாலிஸியில் பின்னிருப்பவரும் அடங்குவார் என்பதை, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சுற்றறிக்கை மூலம் தெளிவாக்கியது. நண்பனோ, பழைய ஸ்கூட்டருக்கு இது போதும் என்று முதல் வகையையே எடுத்திருந்தான். உரிமையாளருக்கென உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் அவன் ஒருவனுக்கே. அதுவும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமே.

நம் விடுதிகளில் ஸ்கூட்டர் சாவி பொதுச்சொத்து. ஆகையால் இன்னொன்றும் சொல்லவேண்டும். லைசென்ஸ் இல்லாதவனிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்து அவன் யாரையாவது மோதினால், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்பு உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம். இதுவும் உச்ச நீதிமன்றம் 2004இல் காட்டிய வழி. உச்சவரம்பு இல்லாத அந்தத் தொகை முழுவதும் அப்போது சாவி கொடுத்தவனைத் தேடி வரும்.

என் வைத்தியச் செலவு 31,000 ரூபாய். சட்டப்படி அதை நான் நண்பனிடமே கேட்கவேண்டும். அவன் கட்டிலோ என் கட்டிலுக்கு நான்கடி தூரத்தில் கிடக்கிறது. வழக்கா தொடுப்பது? பாதியை அவன் தவணையில் கொடுத்து வருகிறான். கட்டுப் பிரிக்கும் வரை என் துணிகளையும் துவைத்தான். சென்ற மாதம் பாலிஸியைப் பாக்கேஜாக மாற்றினோம். பிரீமியத்தில் பாதி என்னுடையது.