‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை

பேச்சுச் சுதந்திரம் மனிதனின் பிறப்புரிமைகளுள் தலையாயது என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதை ஓர் அரசாங்கம் பறிக்க முயன்றால் தேசமே கொதித்தெழுகிறது, அது நியாயமே. ஆனால் எந்த அரசாங்கமும் பறிக்காமலே, நம் வீடுகளுக்குள்ளேயே அவ்வுரிமையை ஒருநாளும் அனுபவித்தறியாதவர்கள் இருக்கின்றனர். மூளை முடக்குவாதத்தால் நாவும் உதடும் வசப்படாதவர்கள், ஆட்டிசத்தால் சொல் எழாத குழந்தைகள், பக்கவாதத்தால் ஒரே நாளில் பேச்சிழந்த முதியோர் ஆகிய இவர்களுக்கெல்லாம் சொல்லவேண்டியது நிரம்ப இருக்கிறது. சொல்லும் வழிதான் இல்லை. அவ்வழியை அமைத்துக் கொடுப்பது நமது தயவைப் பொறுத்ததன்று, கடமையைச் சேர்ந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் கூறுவோம். பேச்சு வராத சிறுவன் ஒருவன், பாடத்தை எதிரில் வைத்தவுடன் கூச்சலிடுகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். வீட்டார் இதைப் பிடிவாதம் என்கின்றனர். அக்கம்பக்கத்தார் பூர்வஜன்ம வினை என்கின்றனர். அதட்டலும் அடியும் நடக்கின்றன. கடைசியில் வேறு வழியின்றிப் பாடத்தை அப்பால் எடுத்துவிடுகிறார்கள். சிறுவன் உடனே அமைதியடைகிறான். அன்று அவன் உண்மையில் கற்ற பாடம் யாது? ஏழை சொல் அம்பலம் ஏறாது, தலையை மோதினால் ஏறும் என்பதுதான். மறுநாளும் அவன் அதையே செய்வதில் வியப்பென்ன?

இவ்விஷயத்தை ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர்கள் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர். 1985-ஆம் வருஷத்தில் வெளியான தங்கள் ஆராய்ச்சியில் அவர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளைக் கவனித்தனர். முரண்டுக்குப் பாடத்தின் கடினம் காரணமாக இருந்த இடமும் உண்டு. பெரியவரின் கவனம் தன்மீது இல்லாமை காரணமாக இருந்த இடமும் உண்டு. முன்னதற்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும், பின்னதற்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கவும் கற்பித்தனர். முரண்டு வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்பித்தபோதோ அப்பலன் கிட்டவில்லை. அக்குழந்தைகளுக்கு வாய்ச்சொல்லைக் கொண்டே கற்பித்தனர். பேச்சில்லாதவர்களுக்குச் சைகை, படச்சீட்டு, அழுத்தினால் ஒலிக்கும் பொத்தான் முதலியவற்றைக் கொண்டு அதே முறை பிற்காலத்தில் கையாளப்பட்டு வருகிறது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சொல்லைக் கற்பிப்பது என்பதை நமது சௌகரியம் தீர்மானிக்கக்கூடாது. அந்த மனிதனின் தேவை தீர்மானிக்க வேண்டும். நாம் செய்வதோ வேறு. தண்ணீர், சோறு, கழிப்பறை ஆகிய மூன்று படங்களை அட்டையில் ஒட்டிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். மனிதர்கள் பேசுவது வேண்டியதைக் கேட்பதற்காக மட்டுமன்று. செய்தி சொல்லவும், பிறரோடு நெருங்கி உறவாடவும், மரியாதை காட்டவுங்கூடப் பேசுகிறார்கள் என்று ஜேனிஸ் லைட் என்ற அறிஞர் 1988-இல் எடுத்துக்காட்டினார். வலிக்கிறது, பயமாயிருக்கிறது, அக்கா எங்கே, இன்னொரு தடவை, போதும் என்ற சொற்கள் அந்த அட்டையில் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘வேண்டாம்’ என்ற சொல் உண்டா? பிறர் கை தொட்டே குளிப்பாட்டவும் உடுத்தவும் ஊட்டவும் வேண்டியிருக்கும் ஒருவருக்கு இதைவிட அவசியமான சொல் வேறில்லை. தகாத கையொன்று தம்மேல் படும்போது, அதைத் தடுக்கவும் பிறரிடம் தெரிவிக்கவும் அவருக்கு வேறு துணை யாது?

கற்பிக்கும் முறையில் மர்மம் எதுவுமில்லை. குழந்தை எப்போது, எதன் பொருட்டு முரண்டு செய்கிறது என்பதை முதலில் பொறுமையாகக் குறித்துவர வேண்டும். பிறகு, கடிப்பதைவிடச் சுலபமாகச் செய்யக்கூடிய ஒரு குறியைக் கொடுக்கவேண்டும். அவன் ‘போதும்’ சீட்டைத் தொட்ட கணமே பாடம் நிற்கவேண்டும். ‘அப்படியானால் பாடமே நடக்காதே’ என்பர் சிலர். அச்சம் வேண்டுவதில்லை. தன் சொல் செல்லும் என்ற நம்பிக்கை வேரூன்றிய பின், ‘இன்னும் இரண்டு எழுத்து, அப்புறம் போதும்’ என்று சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போகலாம். மருந்து போன்ற தவிர்க்கவியலாத இடங்களில், ‘நீ வேண்டாமென்று சொன்னது கேட்டது, ஆனாலும் இது அவசியம்’ என்றாவது சொல்லவேண்டும். பெரியவர்களும் பேசும்போதே அட்டையைத் தொட்டுக்காட்டிப் பேசவேண்டும். குழந்தை அப்பாஷையைப் பிறரிடம் காணாமல் கற்பதெங்ஙனம்? கேள்வி கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். கை வசப்படாதவர்களுக்குக் கண் உண்டு: நாம் ஒவ்வொரு வரியாகச் சொல்லி வர, வேண்டிய இடத்தில் அவர்கள் இமைத்துக் காட்டலாம்.

‘படத்தைக் காட்டப் பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடும்’ என்பது தாய்மார்களை வாட்டும் மற்றோர் அச்சம். 2006-ஆம் வருஷத்தில் மில்லர், லைட், ஷ்லாஸர் ஆகிய மூவரும் முந்தைய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பரிசீலித்து, நம்பத்தக்க சான்றுள்ள 27 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தனர். ஒருவருக்கேனும் பேச்சு குறையவில்லை. நூற்றுக்கு 89 பேர் வீதம் பேச்சு சற்றேனும் கூடியது. ஆகவே, பேச்சு வரட்டுமென்று வருஷக்கணக்கில் காத்திருந்து குழந்தையை மௌனத்தில் வைத்திருப்பதற்கு நியாயமில்லை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் நகர்த்தி, வந்த வாக்கியங்களைக் குழந்தையின் வாக்கியங்களென்று கொண்டாடும் முறையொன்று மேல்நாடுகளில் பரவிற்று. பரீட்சித்துப் பார்த்தபோது அவை கையைப் பிடித்தவரின் வாக்கியங்களே என்று வெளிப்பட்டது. அமெரிக்க மனோதத்துவ சங்கம் 1994-இலேயே அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் செய்தது. பிறன் வாயில் நம் சொல்லைத் திணிப்பதும் வாயை அடைப்பதற்கு ஒப்பானதே.

நம் நாட்டில் இத்தகைய முயற்சி இல்லாமலில்லை. சென்னையில் 1985-இல் தோன்றி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் நடந்துவரும் ஸ்தாபனம், மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காக உழைத்து வருகிறது. அங்குள்ள குழந்தைகளின் தேவையைக் கண்டே, சென்னை இளைஞர் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற பேசும் சாதனத்தை உருவாக்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பத்திரிகை 2011-இல் அவரை உலகின் இளம் புத்தாக்கக்காரர் 35 பேருள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. சாதனம் வாங்க வசதியில்லாதவர்கள் மனந்தளர வேண்டாம். ஓர் அட்டையும் பசையும் சில படங்களும் போதும். ஆனால் அவ்வட்டை பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கக்கூடாது. நமது நாவைப்போல எப்பொழுதும் அவனுடனேயே இருக்கவேண்டும்.

சட்டமும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள தொடர்பு முறைகளை வளர்ப்பதைச் சர்க்காரின் கடமைகளுள் ஒன்றாக விதித்திருக்கிறது. அதை நிறைவேற்றுவதென்றால், அங்கன்வாடி ஊழியர் முதல் பள்ளி உபாத்தியாயர் வரை யாவருக்கும் இப்பயிற்சி கிடைக்கவேண்டும். எழுத்தில் உள்ள உரிமையை வகுப்பறைக்குக் கொண்டுவரும்படி சர்க்காரைப் பெற்றோர்கள் கூடிக் கேட்கவேண்டும், நாமும் கேட்கிறோம்.

அதுவரையில் நம் வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். இன்று மாலையே ஓர் அட்டையில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘போதும்’ என்ற மூன்றையும் படத்தோடு எழுதிக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைப்போம். அவன் முதன்முதலாக ‘வேண்டாம்’ என்பதைத் தொடும்போது முகஞ்சுளிக்காமல் கையிலிருப்பதைக் கீழே வைப்போம்.