பந்தி விசாரணையும் பகிர்ந்த பொறுப்பும்

மாணவர் முகாம், விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் கூடுகை ஆகியவை நம் சபைகளில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. வந்தோர் தொகையையும் பிரசங்கியாரின் ஆற்றலையும் கொண்டே அவற்றை மதிப்பிட்டுப் பழகிவிட்டோம். தீர்மானித்தவர் யார், பாத்திரம் துலக்கியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இவை நிர்வாகத்தைப் பற்றிய வினாக்கள் மட்டும் அல்ல. திருச்சபை என்பது யாது என்பதைப் பற்றிய வினாக்களுமாகும்.

ராணிப்பேட்டைப் பகுதியில் இதனைச் சிந்திப்பது மிகவும் தகும். வாணியம்பாடி, ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரையுள்ள ஊர்களில் பல குடும்பங்களுக்குத் தோல் தொழிலே சோறிடுகிறது. பச்சைத் தோல் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்பிடப்பட்டு, மயிரும் சதையும் நீக்கப்பட்டு, அதன் பின்னரே பதனிடப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவரின் உழைப்பு உண்டு. ஆயினும் தோலைத் தொட்டு உழைத்தோரைத் தீட்டென்று ஒதுக்கிய வரலாறும் நம் நாட்டில் உண்டு. இத்தகைய சூழலில் நடைபெறும் முகாமில் சிலர் எப்பொழுதும் மேடைக்கும், சிலர் எப்பொழுதும் அடுப்படிக்கும் உரியவராயின், ஊரின் படிநிலையே ஆலய வளாகத்திலும் தொடர்கின்றது. பெண்களுக்குச் சமையலும் ஏழை மாணவருக்குப் பெஞ்சு சுமத்தலும் சொல்லாமலே விதிக்கப்படுமாயின், அங்கே நாம் பாடும் ஐக்கியப் பாடல்கள் பொருளற்றவை ஆகும்.

எருசலேம் சபையிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. கிரேக்கு மொழி பேசியோரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை (அப். 6:1-7). முறுமுறுப்பு எழுந்தபொழுது அப்போஸ்தலர் முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை; எழுவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் சபையாரிடமே விட்டனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்குப் பெயர்களே. குறைபட்ட தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதனால் கருத இடமுண்டு. மேலும், அன்றாடப் பந்திக்கும் வசன ஊழியத்திற்கும் லூக்கா டியாகோனியா என்னும் ஒரே சொல்லை ஆளுகிறார். பணிகள் வேறுபட்டன, மதிப்பு வேறுபடவில்லை. பந்திக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவானும் பிலிப்புவும் வசனத்தையும் அறிவித்தனர் என்பதை மறத்தலாகாது.

இங்கு நாம் பகுத்தறிய வேண்டியது ஒன்றுண்டு. வேலையைப் பகிர்வது வேறு. பொறுப்பைப் பகிர்வது வேறு. தீர்மானத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் பிறருக்கு அளிப்பது ஒத்துழைப்பு ஆகாது, அது ஏவுதலேயாகும். 1910ஆம் ஆண்டில் எடின்பரோ மாநாட்டில் வே. சா. அசரியா எழுப்பிய குரலும் இதனோடு தொடர்புடையது. மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. இந்திய ஊழியருடன் சமநிலையில் பழகும் நட்பையே அவர் வேண்டினார். அடுத்த இரண்டாண்டுகளில், 1912இல், இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் உருவாயிற்று.

நம் பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய பெயரோடு இணைத்தே அறியப்படும் அப்பணி ஒருவரின் உடைமையாக நின்றுவிடவில்லை. பல சபைகளும் அமைப்புகளும் கூடி ஆளும் நிறுவனமாக வளர்ந்தது.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவரும் சிலவற்றை நடைமுறைப்படுத்தலாம். முகாமின் பொருளும் நாளும் முடிவாகுமுன்னரே மாணவரும் மாணவியரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் குழுவில் இடம்பெற வேண்டும். மேடைப் பணியும் அடுக்களைப் பணியும் முறைவைத்து மாற வேண்டும். செய்தியளிப்பவரும் ஒரு வேளை பந்தி பரிமாறட்டும். வரவு செலவுக் கணக்கு மாணவர் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும். முகாம் முடிந்தபின் குறைகளைக் கேட்கக் கூடுங்கால், முறையிடுவோரைக் கலகக்காரர் என எண்ணலாகாது.

இவ்வாறு செய்யின் வேலை தாமதப்படலாம், தவறுகளும் நேரலாம், ஆயரின் விருப்பம் சில வேளைகளில் நிறைவேறாமற்போகலாம். ஆனால் நாளைய சபைக்குத் தலைவர்கள் இத்தகைய தவறுகளின் நடுவிலேயே உருவாகின்றனர். விருந்தினராய் வந்து செல்லும் மாணவர் முகாமை நினைவுகூர்வர். பொறுப்பேற்று உழைத்த மாணவரோ சபையைத் தமதென்று கொள்வர். அவர்களை நம்பி அப்பொறுப்பை ஒப்படைப்பது நம் கடமையாகும்.