ஆமை ஏன் சாப்பிடவில்லை?

சிம்பாங் பெர்த்தாங் பக்கம் செம்பனை வரிசை முடியும் இடத்தில் பாசோ காடு தொடங்குகிறது. இப்படிப்பட்ட ஈரக்காடுகள்தான் மலாய்க்காரர்கள் ‘பானிங்’ என்று சொல்லும் காட்டாமைக்குத் தாய்வீடு. ஓடு அரை மீட்டர் வரை வளரும். பின்தொடையில் பெரிய செதில்கள் துருத்திக்கொண்டு இன்னும் இரண்டு கால்கள் முளைத்தது போலத் தெரிவதால், ‘ஆறுகால் ஆமை’ என்ற பெயரும் உண்டு. அழியும் ஆபத்தில் இருக்கும் உயிர் இது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது. தோட்ட ஓரத்தில் கண்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

முறைப்படி அனுமதி பெற்று ஆமை வளர்ப்பவர்களை முதல் வாரத்தில் வாட்டும் கவலை, “வாயே திறக்கலையே!” என்பதுதான். பெரும்பாலும் குறை இரையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆமை என்றாலே வெயில் காயும் பிராணி என்று எண்ணித் தகரக் கூரையின்கீழ் சிமெண்டுத் தரையில் விடுகிறோம். இந்திய நட்சத்திர ஆமைக்கு உலர்ந்த புதர்க்காடு பழக்கம். பானிங்குக்கு அந்தச் சூடு ஆகாது. அதன் பெண் ஆமை சருகைக் குவித்து மேடாக்கி முட்டையிட்டு, சில நாள் பக்கத்திலேயே காவல் கிடக்கும். சருகோடு அவ்வளவு ஒட்டுறவு!

ஆகவே மரநிழலில் மண்தரை, உடல் புதையும் அளவு சருகு, காலையும் மாலையும் நீர்த்தெளிப்பு. பிறகு தூக்கிப் பார்க்காமல், பிள்ளைகளைத் தொடவிடாமல் இருங்கள். ஒளிய இடம் கிடைத்தால்தான் வெளியே வரத் துணியும்.

அடுத்து, ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான நீரை ஆமையின் தாடைக்குக் கீழே நிற்கும்படி ஊற்றி, கால்மணி நேரம் அதில் விடுங்கள். முதலில் அசையாது. பிறகு தலை மெல்லத் தாழும், தொண்டை ஏறி இறங்கும்: தண்ணீர் குடிக்கிறது! வெள்ளைக் கூழாகக் கழிவும் வரலாம், அது இயல்பு. மணல்போல் நெருடினால் உடம்பில் நீர் போதவில்லை.

குளித்த கையோடு, விடியற்காலையில் இரை வையுங்கள். செம்பருத்திப் பூவும் இலையும், காளான், கொஞ்சம் பப்பாளி. சிவப்பும் மஞ்சளும் கண்ணை இழுக்கும். சோறு வேண்டாம். பால்மரத்தடியிலோ செம்பனையடியிலோ பறித்த புல்லை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். களைக்கு மருந்தடித்த இடமாக இருக்கலாம். பாராகுவாட் 2020இல் தடைசெய்யப்பட்டாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன.

மூக்கில் குமிழி, வீங்கிய கண், வாய் திறந்து மூச்சு வாங்குதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.