கம்ப்யூட்டர் கடையில் கொய்யாக் கணக்கு

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் ஆயக்குடி வந்துவிட்டதை ஊர்ப் பலகை பார்க்காமலே சொல்லிவிடலாம். சாலையோரக் கூடைகளிலிருந்து வரும் கொய்யா வாசனை சொல்லிவிடும். காலை நேரத்தில் அங்கே காயைத் தரம் பிரிப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே மரம். ஆனாலும் பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாகப் பிரியும். கிளி கொத்தியது தனியே போய்விடும். குவியலுக்குக் குவியல் விலை வேறு.

அந்தக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டுதான் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் கேட்டான்.

"மாமா, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். அப்பா கொஞ்சம்தான் பணம் தருவாராம். விலை கம்மியான பார்ட்ஸ் எல்லாம் மட்டமா இருக்குமா?"

"இந்த நடுத்தரக் காய் மட்டமா மாப்ளே?"

"சேச்சே, ருசி ஒண்ணுதான். அளவுதான் சின்னது."

"சில்லும் அப்படித்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே தட்டில் விளைந்தவை

கணினியின் மூளையான பிராசசர் சில்லுகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. தோசைக்கல் அகலத்தில், 30 செ.மீ. விட்டமுள்ள சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒன்றாக உருவாக்கி, பிறகு வெட்டி எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தாலும் அந்த இடத்துச் சில்லில் ஒரு பகுதி பழுதாகிவிடும். அதற்காக முழுச் சில்லையும் தூக்கி எறிந்தால் நஷ்டம். ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள்.

2020இல் ஏஎம்டி நிறுவனம் கொண்டுவந்த ரைசன் 5000 வரிசையைப் பாருங்கள். அதில் 8 கோர் கொண்ட சில்லு ஒன்று உண்டு. கோர் என்பது தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு மூளை. எட்டும் நன்றாக இருந்தால் அது ரைசன் 7 5800எக்ஸ். அதே சில்லில் இரண்டு கோரை முடக்கி, ஆறோடு விற்றால் ரைசன் 5 5600எக்ஸ். விலை குறைவு, மீதி ஆறு கோரும் அதே ரகம். நடுத்தரக் காய் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டால், நல்ல கோரையே அணைத்து விற்பதும் உண்டு.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் கோர் ஐ3-12100எஃப் என்பதில் வரும் 'எஃப்', படம் காட்டும் பகுதி இதில் வேலை செய்யாது என்று சொல்கிறது. இதை வாங்கினால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். ரைசன் 5 5600ஜி என்பதில் உள்ள 'ஜி'யோ, படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது என்று சொல்கிறது. கையில் பணம் குறைவு என்றால் இதில் தொடங்கி, சிறிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டு, அடுத்த ஆண்டு கார்டு சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்கு எழுதுபவரும் காய் பறிப்பவர்களும்

"பிராசசரே மூளைன்னா கிராபிக்ஸ் கார்டு எதுக்கு மாமா?"

கொய்யா மண்டியில் கணக்கு எழுதுபவர் ஒருவர்தான். முந்தைய வரி முடிந்தால்தான் அடுத்த வரி எழுத முடியும். அதற்குக் கெட்டிக்காரர் வேண்டும். தோட்டத்திலோ நூறு பேர் ஒரே நேரத்தில் காய் பறிக்கலாம். ஒருவர் பறிப்பதற்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டாம்.

விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் ஓடுவான், பந்து எங்கே விழும் என்பதையெல்லாம் முடிவு செய்வது பிராசசர். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்ற நடுத்தரக் கார்டில் மட்டும் 1,792 சிறு கணக்கர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை பேர் எதற்கு? பெருக்கிப் பாருங்கள். சாதாரண ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் மாறினால் 12 கோடியே 44 லட்சம் முறை நிறம் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

யார் தாமதம்?

பறிப்பவர்கள் நூறு பேர் இருந்தும் கணக்கு எழுதுபவர் மெதுவாக எழுதினால், காய் மண்டியில் குவிந்து கிடக்கும். கெட்டிக்காரக் கணக்கர் இருந்தும் பறிக்க இரண்டே பேர் என்றால், அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கணினியிலும் மிக மெதுவான பாகம்தான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும்.

யார் மெதுவானவர் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். விளையாட்டின் செட்டிங்ஸில் திரை அளவை 1280 × 720 ஆக்குங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், பாதிக்கும் குறைவு. இப்போது நொடிக்கு வரும் படங்கள் நன்றாகக் கூடினால், அதுவரை திணறியது கிராபிக்ஸ் கார்டு. எண்ணிக்கை அசையவே இல்லையா? பெரும்பாலும் பிராசசர்தான் தாமதம். பழைய கணினியில் எதை மாற்றுவது என்பதற்கும் இதே சோதனை போதும்.

மானிட்டரும் இந்தக் கணக்கில் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். 140 படம் போடும் கார்டை அதோடு இணைத்தால், கொடுத்த பணத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது.

ரேம் என்ற தற்காலிக நினைவகத்தை வாங்கும்போது 16 ஜிபி ஒன்று வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும். இரண்டைச் சரியான துளைகளில் செருகினால் பாதை இரண்டாகி 51.2 ஜிபி. 'ஜி' வகைப் பிராசசருக்கு இது இன்னும் முக்கியம். படம் போடவும் அது இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

சிக்கனம் கூடாத இடம்

எஸ்எம்பிஎஸ் என்ற மின்பெட்டி விளையாட்டில் ஒரு படத்தைக்கூடக் கூட்டாது. அதனால் பலர் இதில்தான் காசை மிச்சம் பிடிப்பார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது இதுதான். இது கெட்டால் மற்றப் பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எத்தனை வாட் வேண்டும்? ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132. ஐ3-12100எஃப் உச்சத்தில் 89. மற்றவற்றுக்கு ஒரு 50 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 271. நல்ல நிறுவனத்தின் 450 வாட் பெட்டி தாராளம். '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது வேலைக்குத் தரும் என்பது அதன் பொருள். மீதி வெப்பமாகிப் போகும்.

வெப்பம் என்றதும் அவன் கேட்டான்: "அப்போ கொடைக்கானல்ல வச்சா நல்லா ஓடுமா மாமா?"

நல்ல கேள்வி. விசிறி எவ்வளவு சுற்றினாலும் சில்லின் சூடு அறையின் சூட்டுக்கு மேலேதான் நிற்கும். அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுடும் பிராசசர், சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் 83ஐத் தொடும்; கொடைக்கானலின் 18 டிகிரி அறையில் 63ஐ ஒட்டி நிற்கும். ஆனால் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப் போகும் காற்று குறைவுதான். ஆகவே குளிரின் லாபம் முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் லாபம்தான். அடிவாரத்தில் இருக்கும் நாம் முன்பக்கம் வலை உள்ள கேபினட்டாக வாங்கி, மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். அதிகம் சூடானால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைக்குப் போகுமுன்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: நான் ஆடும் விளையாட்டுகள் எவை? மானிட்டரில் எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ்? பிராசசரும் அதைப் பொருத்தும் மதர்போர்டும் ஒரே சாக்கெட் வகையா? மொத்தம் எத்தனை வாட்? அசெம்பிள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

என் மருமகன் எழுதிய தாளில் இரண்டாம் வரி '60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தது. ஆசைப்பட்டு வைத்திருந்த பெரிய கார்டை அவனே அடித்துவிட்டான். நீங்களும் தாளை எழுதி முடித்துவிட்டு விலையைக் கேளுங்கள். அந்தத் தாளுக்கு வேண்டாத எதையும், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.